எண்ணைச் சொல்லும் கருவி துளியைச் சொல்லுமா?

சர்க்கரை நோயாளி இருக்கிற வீட்டில் என்றாவது ஒருநாள் ஒரு கேள்வி எழுந்திருக்கும். நோய் முற்றினால் கண்ணைப் பாதிக்கும் என்று டாக்டர் எச்சரிக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்கிறார். அவரே வாங்கச் சொல்லும் சுகர் மெஷினில் (குளுக்கோமீட்டரில்) இருப்பதோ இரண்டு விரல் அகலத் திரை. பார்வையைப் பறிக்கக்கூடிய நோய்க்கு, பார்வை இருந்தால்தான் உதவும் கருவி. செய்தவர்களுக்கு இது தோன்றவே இல்லையா?

கேள்வி சின்னக் கூட்டத்தைப் பற்றியது அல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, 2023இல் வெளியானபோது இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. சென்னை நகரில் நடத்தி 2005இல் வெளியான கண் ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு காணப்பட்டது. அவர்களில் பலருக்கு அது ஆரம்ப நிலைதான், பார்வை போய்விடவில்லை. ஆனாலும் கோடிக் கணக்கில் ஒரு சிறு பங்கே ஒரு நகரத்து மக்கள்தொகையைத் தாண்டிவிடும்.

மடிப்புத்தாளில் ஒரு வரி

செய்தவர்களுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதற்கான சாட்சி, இதே நோயாளிகள் பயன்படுத்தும் இன்சுலின் பேனாவோடு வரும் மடிப்புத்தாளிலேயே இருக்கிறது. பார்வையற்றவர்களும் கடுமையான பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கண் நன்றாகத் தெரிந்த ஒருவரின் துணையில்லாமல் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்ற பொருளில் அதில் ஒரு வரி வரும். பேனாவின் திருகியைத் திருப்பினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். காதால் எண்ணிவிடலாமே என்று நினைப்பவருக்கும் தாளில் பதில் உண்டு: சத்தத்தை எண்ணி அளவு வைக்காதீர்கள், எண்ணைப் பார்த்து வையுங்கள்.

கம்பெனியின் பார்வையில் இது பாதுகாப்பு எச்சரிக்கை. அதன் பக்கவிளைவு பெரியது. எந்த மருத்துவக் கருவியையும் சந்தைக்குக் கொண்டுவரும் முன், அது யாருக்கானதோ அவர்களை வைத்துச் சோதிக்க வேண்டும். யாருக்கானது என்று தயாரிப்பாளர் வரையறுக்கும் அந்தக் கூட்டத்தை ‘உத்தேசப் பயனர்’ என்போம். பார்வையற்றவர் உத்தேசப் பயனர் அல்ல என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், சோதனைக் கூடத்துக்கு அவரை அழைக்கும் கடமையும் அதோடு போய்விடுகிறது. குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 15197, பயிற்சியில்லாத சாதாரண மக்கள் குறைந்தது 100 பேர் கையில் கருவியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது. அந்த 100 பேருக்குள் யார் வருவார்கள் என்பதை இப்படிப்பட்ட ஒற்றை வரி முன்கூட்டியே முடிவு செய்துவிடும்.

பேனாவின் எச்சரிக்கை உண்மையிலேயே தேவைதானா என்று 2010இல் வெளியான ஆய்வில் ஆன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் சக ஆய்வாளர் ஒருவரோடு சோதித்தார். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஒரு பக்கம், பார்வையுள்ளவர்கள் ஒரு பக்கம். இரு தரப்பும் பேனாவால் செலுத்திய மருந்தின் அளவை ஒப்பிட்டார்கள். தொட்டும் கேட்டும் செய்யும்படி விளக்கம் கொடுக்கப்பட்டிருந்த பார்வைக் குறைபாடுடையோர், துல்லியத்தில் மற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை.

இப்படி அளந்து பார்க்கும் தன்மைக்கு ஒரு பெயர் வேண்டும். ஒரு கருவியை அதற்குரியவர், அதற்குரிய இடத்தில், பிழையில்லாமலும் அலுக்காமலும் பயன்படுத்த முடிகிற தன்மையைப் ‘பயனெளிமை’ என்று வைத்துக்கொள்வோம். மருத்துவக் கருவிகளின் பயனெளிமைக்கென்றே ஐ.இ.சி. 62366 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன் அடிப்படைப் பார்வை எனக்குப் பிடித்தது: பயன்படுத்துபவர் தவறினால் ‘உனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லி முடித்துவிடாது, கருவி எந்த இடத்தில் அந்தத் தவறுக்கு வழிவிட்டது என்று தேடும்.

பதினோரு படி

பேசும் குளுக்கோமீட்டர் வந்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்ததே என்று கேட்கலாம். தீர்ந்ததா என்று படிப்படியாகப் பார்த்துவிடுவோம். ஒரு வேலையைப் பிரிக்கக்கூடிய மிகச் சிறிய செயல்களாகப் பிரித்து எழுதுவதுதான் பயனெளிமை ஆய்வின் முதல் கருவி. ‘பணிப்பகுப்பு’ என்று சொல்லலாம்.

ஆவடியில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 66. இருபது வருஷமாகச் சர்க்கரை. இடது கண்ணில் பார்வை போய்விட்டது, வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். காலையில் மருமகள்தான் சுகர் பார்ப்பாள். “மாமா, நூத்தி எழுபத்தாறு” என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்கு ஓடுவாள். பகலில் படபடப்பு வந்தால், சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அவருக்கு ஒரு பேசும் கருவியை வாங்கிக் கொடுக்கிறோம்.

முதல் படி, கை கழுவுவது. இதில் என்ன இருக்கிறது என்று தாண்டிப் போகக் கூடாது. ஜப்பானில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பழம் உரித்த விரலை அப்படியே குத்தி எடுத்த ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாகக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் குறையவில்லை, குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியானது. மாம்பழக் காலத்தில் இதை நினைவில் வைக்கலாம். கண் தெரிந்தவருக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, டப்பாவைத் திறந்து, ரத்தத்தைத் தொட்டு வைக்கும் ஸ்ட்ரிப்பில் ஒன்றே ஒன்றை எடுப்பது. ஐம்பது ஸ்ட்ரிப் நெருக்கி அடைத்த டப்பாவில் விரல் நுழையாது. கவிழ்த்தால் மூன்று நான்கு சேர்ந்து விழும், அதில் ஒன்று தரைக்குப் போகும். மூன்றாவது, ஸ்ட்ரிப்பின் தலை எது, வால் எது, மேல்பக்கம் எது என்று அறிவது. சில ஸ்ட்ரிப்பில் ஒரு முனையில் சிறு வெட்டு இருக்கும், விரல் அதைக் கண்டுபிடிக்கும். சிலவற்றில் இரு பக்கமும் ஒரே வழவழப்பு. நான்காவது, கருவியின் துளைக்குள் செருகுவது. ஐந்தாவது, கருவி தயாராகிவிட்டது என்று தெரிந்துகொள்வது. இங்கே குரல் வந்து உதவுகிறது.

ஆறாவது, ரத்தம் எடுக்கக் குத்தும் பேனாவில் புது ஊசி வைத்து, அதன் மூடியைத் திருகிக் கழற்றுவது. மூடியைக் கழற்றிய நொடியிலிருந்து ஊசிமுனை வெளியே இருக்கிறது, பேனாவின் தொப்பியை மாட்டும் வரைக்கும். இந்த இரண்டு நொடியில்தான் தேவையில்லாத இடத்தில் குத்துப்படும். ஏழாவது, குத்துவது. எந்த விரலில்? பிரெய்ல் படிப்பவர் என்றால் படிக்கும் விரல்நுனியைத் தொடவே கூடாது, வேறு விரலின் ஓரத்தில் குத்த வேண்டும்.

எட்டாவதுதான் சிக்கலின் மையம். துளி வந்ததா? வந்தது போதுமா? பல கருவிகளுக்குத் தேவைப்படுவது அரை மைக்ரோலிட்டர் ரத்தம். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னத் துளியின் ஈரத்தை விரல் உணராது. குத்தும் பேனா ‘டக்’ என்று சொல்லும், ஆனால் நம் ஃபிட்டரின் விரல்நுனியில் நாற்பது வருஷம் அரமும் ஸ்பானரும் பிடித்த காய்ப்பு. போதிய ஆழத்துக்குப் போனதா என்பது அவருக்குத் தெரியாது. இதற்கு மேல் சர்க்கரை நோய் நரம்பையும் மழுக்கிவிடும். கண்ணுக்குப் பதில் விரல் என்று நினைத்தால், அந்த விரலையும் நோய் விட்டுவைக்கவில்லை.

ஒன்பதாவது, தெரியாத இடத்தில் இருக்கும் துளிக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் ஸ்ட்ரிப் முனையைக் கொண்டுசேர்ப்பது. முனையில் இருக்கும் நுண்குழாய் ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், தொட்டால் போதும். தொடத்தான் வேண்டும். கையைத் தொங்கவிட்டு விரலை அடியிலிருந்து நுனி வரை நீவிவிட்டு, இன்னொரு கையின் நகத்தை வழிகாட்டியாக வைத்து ஸ்ட்ரிப்பை விரலோரமாக நகர்த்திப் பழகியவர்கள் இருக்கிறார்கள். தவறினால் ரத்தம் ஸ்ட்ரிப்பின் முதுகில் தேய்ந்துவிடும். ஸ்ட்ரிப் வீண், குத்தியதும் வீண். பத்தாவது, ஐந்து நொடி கழித்து எண்ணை அறிவது. குரல் இரண்டாம் முறை உதவும் இடம் இது. பதினோராவது, பயன்படுத்திய ஊசியை யார் காலிலும் ஏறாமல் அப்புறப்படுத்துவது.

பதினொன்றில் இரண்டுக்குக் குரல் கிடைத்திருக்கிறது. மிச்சம் ஒன்பதும் பேசாத கருவியில் இருந்தபடியேதான் இருக்கின்றன. வண்டியின் ஹாரனை மட்டும் மாற்றிவிட்டு வண்டியே புதுசு என்பது போல. பேசும் கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘பேசுகிறது, ஆகவே பார்வையற்றவருக்கானது’ என்ற கணக்குத்தான் தப்பு. அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளை பல ஆண்டுகளாகக் குளுக்கோமீட்டர்களை வாங்கிப் பிரித்துப் பார்த்து எழுதியிருக்கிறது. எது பேசுகிறது என்பதோடு நிற்காமல், எந்தெந்தப் படியைத் தானாகச் செய்ய முடிகிறது என்பதே அவர்களுடைய கேள்வி.

முழிக்கும் பிழையும் முழிக்காத பிழையும்

எல்லாத் தவறும் ஒன்றல்ல. ஸ்ட்ரிப்பைத் தலைகீழாகச் செருகினால் கருவி உயிர் பெறாது. எரிச்சலாக இருக்கும், ஆனால் ஆபத்தில்லை, தவறு நடந்தது தெரிந்துவிட்டது. பழச்சாறு ஒட்டிய விரலின் விஷயமோ வேறு. கருவி கணீரென்று ஒரு பெரிய எண்ணைச் சொல்லும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். பயனெளிமை ஆய்வாளர் தேடுவது இந்த இரண்டாம் வகையை, தன்னைக் காட்டிக்கொடுக்காத ‘முழிக்காத பிழை’யை. எத்தனை தடவை தவறினார் என்று எண்ணுவதைவிட, தவறியதை அவரே எத்தனை தடவை கண்டுபிடித்தார் என்று எண்ணுவது பயன் தரும்.

யாரை உட்கார வைப்பது?

பூந்தமல்லியில் அரசுப் பார்வைத்திறன் குறையுடையோர் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். பார்வையற்றவர்களை வைத்துக் கருவியைச் சோதிக்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். பாதி சரி, பாதி பிழை.

அங்கே படித்து வளர்ந்த இளைஞரின் விரல்நுனி ஆறு புள்ளி வித்தியாசத்தை ஓட்டமாகப் படிக்கும். பொருளைத் தொட்டவுடன் மேல் கீழ் சொல்லிவிடுவார். ஸ்ட்ரிப் வெட்டு அவருக்குப் பொருட்டே அல்ல. நம் ஃபிட்டர் அறுபது வயதுக்கு மேல் பார்வை இழந்தவர். பிரெய்ல் தெரியாது, இனிக் கற்கும் உத்தேசமும் இல்லை, கற்க நினைத்தாலும் காய்ப்பும் மழுங்கிய நரம்பும் விடாது. இருவரையும் ‘பார்வையற்றவர்’ என்ற ஒரே பட்டியலில் போட்டு, முதலாமவரை வைத்துச் சோதித்து, இரண்டாமவருக்குக் கருவியை விற்றால் சோதனை பொய்யாகிவிடும். டப்பா மேல் பிரெய்லில் எழுதிவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

வடிவமைப்பாளர்கள் தங்கள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு முயன்று பார்ப்பது இன்னும் மோசம். கண்ணைக் கட்டியவருக்கு அது பார்வையிழந்த முதல் ஐந்து நிமிஷம். ஐந்து வருஷம் பழகியவரின் உத்திகள் எதுவும் அவருக்குத் தெரியாது, ஆகவே தேவையில்லாத உதவிகளைக் கண்டுபிடித்துத் தேவையான ஒன்றைக் கோட்டை விடுவார்.

கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது

சோதனை நடக்கும்போது பார்ப்பவருக்கு ஒரே வேலைதான், சும்மா இருப்பது. அது எளிதல்ல. எதிரே பெரியவர் ஸ்ட்ரிப்பைத் துளைக்குப் பக்கத்தில் உரசிக்கொண்டிருக்கும்போது நம் கை தானாக நீளும். “கொஞ்சம் வலப்பக்கம்பா” என்று வாயில் வரும். சொல்லிவிட்டால் அந்தப் படியைப் பற்றி நாம் அறிய வந்தது போய்விட்டது. நம் குரலோடு சேர்த்துக் கருவியை விற்க முடியாது.

செய்துகொண்டே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வது இத்துறையின் வழக்கம். பேசும் கருவியில் அது ஒத்துவராது. இவரும் பேசி, அதுவும் பேசினால் எண் காதில் விழாது. ஆகவே முதலில் அமைதியாகச் செய்யவிட்டு, முடிந்த பிறகு ஒவ்வொரு படியாகக் கேட்க வேண்டும்.

இடமும் முக்கியம். குளிரூட்டிய அமைதியான அறையில் எல்லாக் குரலும் தெளிவாகத்தான் கேட்கும். ஆவடியில் சி.டி.எச். ரோட்டோர வீட்டில், குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில், அடுத்த அறையில் சீரியல் ஓடும்போது சோதித்தால் ‘மறுபடி சொல்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்ற கேள்வி வரும். எதிர்ப்பக்கமும் உண்டு. அலுவலகத்திலோ பஸ்ஸிலோ நம் சர்க்கரை அளவை ஊருக்கே அறிவிக்கும் கருவியை யாரும் எடுக்க மாட்டார்கள். இயர்போன் மாட்ட ஒரு துளை இருந்தால் இரண்டும் தீரும்.

எத்தனை பேர் போதும்?

இணையதளங்களைச் சோதிப்பவர்களிடம் ஐந்து பேர் போதும் என்று ஒரு வழக்கு உண்டு. டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் பிரபலப்படுத்தியது. கணக்கு எளிமையானது. கருவியில் 100 குறைகள் இருப்பதாக வைப்போம். ஒருவர் பயன்படுத்தும்போது சராசரியாக 31 வெளிப்படும், மிச்சம் 69. அடுத்தவர் அந்த 69இல் அதே விகிதத்தில் 21ஐக் காட்டிக்கொடுப்பார், மிச்சம் 48. மூன்றாமவருக்குப் பின் 33, நான்காமவருக்குப் பின் 23, ஐந்தாமவருக்குப் பின் 16. ஆறாவது ஆளை அழைத்துச் செலவழிப்பதைவிட, கண்டதைத் திருத்திவிட்டு மறுபடி ஐந்து பேரை அழைப்பது மேல்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரே மாதிரி ஆட்களுக்குத்தான். ஃபிட்டரும் பள்ளி இளைஞரும், நடுங்கும் கைக்காரரும், ஒரு கை மட்டும் உள்ளவரும் சேர்ந்தால், ஒவ்வொருவர் காட்டும் குறையும் வேறு வேறு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, மருத்துவக் கருவியின் இறுதிச் சோதனையில் வேறுபட்ட ஒவ்வொரு பயனர் பிரிவுக்கும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்கிறது. மிச்சமிருக்கும் அந்த 16 குறைகளில் முழிக்காத பிழை ஒன்று ஒளிந்திருக்கலாம் என்பதுதான் காரணம்.

நல்லா இருக்குப்பா

சோதனை முடிந்ததும் மதிப்பெண் கேட்பார்கள். 1986இல் ஜான் புரூக் என்பவர் இங்கிலாந்தில் உருவாக்கிய பத்துக் கேள்வித் தாள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. பதில்களைக் கூட்டினால் 0 முதல் 100க்குள் ஓர் எண் வரும், 68 சுமார் ரகம் என்று கொள்வார்கள். நம் ஊரில் இந்தத் தாளை அப்படியே நீட்டினால் பெரும்பாலும் 90 வந்து நிற்கும். முகாமில் இலவசமாகக் கொடுத்ததில் குறை சொல்லலாமா? பக்கத்தில் நிற்கும் பையன் மனசு புண்படுமே? மூன்று ஸ்ட்ரிப்பை வீணடித்து, கடைசியில் பேத்தியைக் கூப்பிட்டுச் செய்துவிட்டு, “நல்லா இருக்குப்பா, ரொம்ப உபயோகம்” என்பார். அது பொய் இல்லை, மரியாதை. ஆகவே வாயைவிடக் கையை நம்பலாம்: துணையில்லாமல் முடித்தாரா, எத்தனை ஸ்ட்ரிப் செலவானது, இரண்டு வாரம் கழித்துப் போனால் கருவி மேஜை மேல் இருக்கிறதா, பீரோவுக்குள் இருக்கிறதா.

இரட்டைப் படி ஸ்டூல்

வீட்டுக் கருவி ஒருபுறம் இருக்க, மருத்துவமனைக்குள் என்ன நிலை? அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளிடம் எடுத்த தேசிய அளவிலான கருத்தாய்வு ஒன்றில், பயன்படுத்த மிகக் கடினமானது என்று முதலிடம் பெற்றது சிக்கலான எந்த யந்திரமும் அல்ல, டாக்டர் நம்மைப் படுக்க வைக்கும் பரிசோதனை மேஜை. எக்ஸ்ரே மேஜையும் எடை யந்திரமும் அதே வரிசையில் இருந்தன. சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 18, 20 அங்குலம் இருக்கும். மேஜையோ 30 அங்குலத்தைத் தாண்டும். இடைவெளியை நிரப்ப நம் மருத்துவமனைகளில் வைத்திருப்பது இரட்டைப் படி ஸ்டூல். நடக்க முடியாதவருக்குப் படிக்கட்டு. முடிவில் இரண்டு பேர் தூக்கிப் போடுவார்கள், அல்லது நாற்காலியில் உட்கார்ந்தபடியே ‘பார்த்தாச்சு’ என்பார்கள். மேஜை 17 அங்குலம் வரை இறங்க வேண்டும் என்று அமெரிக்காவின் அணுகல் வாரியம் 2024இல் முடிவு செய்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதியும் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது. சாய்தளம் கட்டியதோடு அந்த வாக்கியம் முடிந்துவிட்டதாகப் பல இடங்களில் நினைக்கிறார்கள்.

வாங்கப் போகும்போது

வீட்டுக் கருவிக்கே திரும்பினால், விரலைக் குத்தவே வேண்டாத உணர்கருவிகள் வந்துவிட்டன. புஜத்தில் ஒட்டிக்கொண்டால் சுமார் இரண்டு வாரம் போனுக்கே அளவு வரும். எட்டாவது, ஒன்பதாவது படிகள் ஒரேயடியாக ஒழிந்தன. பதிலுக்குப் புதுப் படிகள் முளைத்திருக்கின்றன: போனின் திரைவாசிப்பான் அந்தச் செயலியைத் தமிழில் படிக்குமா, பெயரிடாத பொத்தான்களை ‘பட்டன், பட்டன்’ என்று வெறுமனே சொல்லிக்கொண்டு போகுமா, ஏறி இறங்கும் கோட்டுப் படத்தை எப்படிச் சொல்லும்? விலையும் சில ஆயிரம், அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பெரும்பாலான வீடுகளில் இன்னும் சில காலம் ஸ்ட்ரிப்தான்.

பேசும் கருவி வாங்கக் கடைக்குப் போகிறவர், பயன்படுத்தப் போகிறவரையும் கூட அழைத்துப் போவது நல்லது. எந்த மொழியில் பேசுகிறது, பேட்டரி குறைந்தால் குரலில் சொல்லுமா, நேற்றைய அளவைத் திரும்பச் சொல்லுமா என்று கேட்கலாம். ரத்தம் போதாதபோது ‘ஈ-4’ என்று குறியீட்டில் சொல்லுமா, ‘ரத்தம் போதவில்லை’ என்று சொல்லுமா என்பதற்குக் கடைக்காரரிடம் பதில் இருக்காது. கருவியைச் சரிபார்க்க ரத்தத்துக்குப் பதில் வைக்கும் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டை வைத்து, வேண்டுமென்றே குறைவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்ட்ரிப் செலவாகும், அதன் காசை முதலிலேயே கொடுத்துவிட்டால் கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.